கொழுந்து நிறுக்கிற எடத்துல தண்ணி கழிப்பாங்க: சபையில வளர்றது எப்பிடின்னு கேட்டவங்களுக்கு

மழ நாள்ல நம்ம இலங்கை மலையக தோட்டத்துல தேயில கொழுந்து நிறுக்கிறத பாத்திருக்கீங்களா? சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து அம்மா பக்கத்துல நின்னு நான் நெறைய பாத்திருக்கேன். தராசு 22 கிலோ காட்டும், ஆனா கணக்கப்பிள்ள 22ன்னு எழுத மாட்டாரு, படங்கு சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுன்னு கழிச்சிட்டு 18ன்னு தான் எழுதுவாரு. அம்மா வீடு வர்ற வரைக்கும் முனகிக்கிட்டே வருவாங்க, கூட கழிச்சிட்டானுங்கன்னு. சில நாள் உண்மையாவே கூடத்தான் கழிச்சானுங்க, அது வேற கத, அத எழுதப்போனா இன்னொரு நாள் வேணும். ஆனா தண்ணி கொழுந்தாகாதுன்னு அம்மாவுக்கும் தெரியும்.

போன மாசம் வீட்டுக் கூட்டம் முடிஞ்சு பால் ஊத்தாத சாயத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தப்ப ஒரு அக்கா கேட்டாங்க, "ஞானஸ்நானம் எடுத்து பதினாலு வருஷமாச்சு, ஒரு ஞாயிறு விட்டதில்ல, மாசாமாசம் நடக்கிற உபவாச ஜெபமும் விட்டதில்ல, ஆனா வீட்டுல வாய தொறந்தா அதே ஏச்சு, அதே கோவம், நான் வளர்ந்திருக்கேனா இல்லையா தங்கச்சி"ன்னு. எனக்கு ஒடனே அந்த தராசு தான் ஞாபகம் வந்துச்சு. கூட்டத்துல அழுதது, கைய தூக்கி பாடுனது, மூணு மணிக்கு எழும்பி ஜெபிச்சதுன்னு எல்லாத்தையும் சேத்து நிறுத்து வச்சிருக்கோம், தண்ணிய யாரும் கழிச்சு பாக்கல. நான் பாஸ்டர் இல்ல, பைபிள் கொலேஜ் போனவளும் இல்ல, பதினோரு வருஷம் பிள்ளக்காம்பராவுல, அம்மாமார் வேலைக்கு போற நேரம் புள்ளைங்கள பாத்தவ, இப்ப ஒம்பது வருஷமா நம்ம லயத்துல, இந்த தோட்டத்து வரிசை வீடுகள்ல, வீட்டுக் கூட்டம் நடத்துறேன், அவ்வளவு தான் தகுதி. அந்த அக்காவுக்கு சொன்னத கொஞ்சம் விரிவா எழுதுறேன், வேணும்னா எடுத்துக்குங்க.

மொத வேல, இப்ப எவ்வளவு வளர்ந்திருக்கோம்னு தெரிஞ்சிக்கிறது. இத சபையில வச்சு பாக்கக்கூடாது, சபையில நம்ம எல்லாருமே வெள்ள சாரி தான். வீட்டுல வச்சு பாக்கணும், அதுவும் நம்மளா பாத்தா சரி வராது, கூட இருக்கிற ஒரு ஆள்கிட்ட கேக்கணும். கலாத்தியர் 5:22, 23ல ஆவியின் கனின்னு ஒம்பது இருக்கு: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். அந்த ஒம்பதையும் ஒரு கொப்பி ஒத்தையில (தாள்ல) எழுதி, வீட்டுல இருக்கிற ஒருத்தர்கிட்ட குடுத்து, எங்கிட்ட எது ரொம்ப கொறவுன்னு ஒண்ணே ஒண்ண மட்டும் காட்டுன்னு கேளுங்க. ஒம்பதுக்கும் மார்க்ஸ் போட சொன்னீங்கன்னா சண்டையில தான் முடியும். பதில் வந்ததுக்கு அப்புறம் வாதாடக்கூடாது, அது தான் கஷ்டமான பகுதி, "அன்னைக்கு நீ என்ன செஞ்சேன்னு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா எல்லாம் போச்சு.

நான் என் மகள்கிட்ட கேட்டேன், அப்ப அவளுக்கு பதிமூணு வயசு. ஒத்தைய பாக்கவே இல்ல. "நீங்க ஜெபம் முடிச்சு எந்திரிச்ச ஒடனே தாம்மா ரொம்ப ஏசுறீங்க"ன்னா. எனக்கு மூஞ்சில தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஆனா யோசிச்சு பாத்தா உண்மை தான், நான் முழங்கால்ல இருக்கும்போதே அடுப்புல என்ன ஆச்சு, இவ சட்டைய அயன் பண்ணாளா, பஸ்ஸுக்கு சில்லற இருக்கான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், ஆமென் சொன்ன ஒடனே எல்லாம் வாய் வழியா வெளிய வரும். ஒம்பதுல எனக்கு எதுன்னு அன்னைக்கு தெரிஞ்சிருச்சு, நீடிய பொறுமை. அந்த வருஷம் முழுக்க அத மட்டும் தான் ஆண்டவர்கிட்ட கேட்டேன், மத்த எட்டையும் விட்டுட்டேன்.

சரி, அடுத்தது வேத வாசிப்பு. இதுல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா நம்ம ஆளுங்க இங்க தான் நிறைய பேர் நின்னு போயிருக்காங்க. எபிரெயர் 5ம் அதிகாரத்துல பாலும் பலமான ஆகாரமும்னு வருமே, அத பிரசங்கத்துல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், ஆனா எனக்கு அது புரிஞ்சது பிள்ளக்காம்பராவுல தான். ஒரு பொடியன், ரெண்டர வயசு, அம்மா வெளிநாட்டுல வீட்டு வேலைக்கு போயிட்டாங்க, அம்மாயி தான் பாக்குறாங்க. பால் போத்தல் இல்லாம வர மாட்டான். அழுதா போத்தல், தூக்கம்னா போத்தல், விழுந்தா போத்தல். அம்மாயிய குத்தம் சொல்ல முடியாது, வயசான மனுசி, போத்தல குடுத்தா சத்தம் அடங்கிடும். ஆனா கிளினிக் அட்டையில நிறை கோடு ஏறவே இல்ல, மாசாமாசம் அதே எடத்துல நிக்குது. ஆறு மாசத்துக்கு அப்புறம் வெறும் பால் பத்தாதுன்னு மிட்வைப் மிஸ் எத்தன தடவ சொல்லியிருப்பாங்க. நாங்க என்ன செஞ்சோம்னா, தெனமும் பத்தர மணிக்கு ஒரே எடத்துல ஒக்கார வச்சு சோறும் பருப்பும் மசிச்சு ரெண்டே ரெண்டு கரண்டி, சில நாள் திரிபோஷா சத்துமா உருண்ட. மொத கிழம பூரா துப்புனான். ரெண்டாவது கிழம பாதி துப்புனான். ஒண்ணர மாசத்துல கரண்டிய எங்கிட்ட இருந்து புடுங்குனான், தானே சாப்புடுறேன்னு. அன்னைக்கு தரையெல்லாம் சோறு, ஆனா எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேதத்துக்கும் இதே வழி தான். கொஞ்சமா, ஒரே நேரத்துக்கு, துப்புனாலும் பரவால்லன்னு. வாக்குத்தத்த வசனம், காலையில போன்ல வர்ற வசன படம், பாஸ்டர் ஐயா ஊட்டுறது எல்லாம் பால், தப்பில்ல, ஆனா வருஷக்கணக்கா அது மட்டும்னா அட்டையில கோடு ஏறாது. மாற்கு சுவிசேஷத்துல தொடங்குங்க, 16 அதிகாரம் தான், நாளைக்கு அரை அதிகாரம்னா ஒரு மாசத்துக்கு கொஞ்சம் கூட. காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பிரட்டுக்கு போறதுக்கு முன்னுக்கு முடியாதுன்னா பகல் சாப்பாட்டு நேரத்துல வாசிங்க, ராத்திரி வேணாம், ராத்திரி நம்ம வாசிக்க மாட்டோம், பைபிள் மேல தூங்குவோம். வாசிச்சிட்டு ரெண்டே கேள்வி கேளுங்க: இதுல ஆண்டவர் எப்பிடிப்பட்டவரா தெரியுறாரு, நான் இன்னைக்கு எத செய்யணும் எத விடணும். பதில ஒரு வரி எழுதி வைங்க. எழுத்து வராதவங்க யாருக்காவது சொல்லுங்க.

வாசிக்க தெரியாதவங்க நம்ம சபைகள்ல இன்னமும் இருக்காங்க, வெக்கத்துல பைபிள தொறந்து மடியில வச்சிக்கிட்டு இருப்பாங்க, சில நேரம் தலகீழா. அவங்கள பாத்து சிரிக்காதீங்க. போன்ல ஓடியோ பைபிள் இலவசமா இருக்கு, ஒருக்கா டவுன்லோட் பண்ணிட்டா டேட்டா வேணாம், கொழுந்து எடுக்கும்போதே கேக்கலாம். பேரப்புள்ளைய வாசிக்க சொல்றது அத விட நல்லது, ரெண்டு பேருக்கும் பிரயோசனம். அப்புறம் நம்ம பழைய திருப்புதல் பைபிள்ல உள்ள தமிழ் சின்னப்புள்ளைங்களுக்கு மட்டும் இல்ல எங்களுக்கே சில எடத்துல ஏறாது, வாஞ்சைன்னா என்னன்னு வாலிப கூட்டத்துல கேட்டேன், பத்து பேருல ஒருத்தருக்கும் தெரியல. அதுக்கு லேசான தமிழ்ல உள்ள ஒரு மொழிபெயர்ப்ப பக்கத்துல வச்சிக்குங்க, பழசு தான் பரிசுத்தம்னு சண்ட புடிக்க வேணாம்.

இன்னொரு விஷயம், வசனத்த தனியா புடுங்காம முன்னுக்கு பின்னுக்கு வாசிக்க பழகுங்க. எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", நம்ம காலண்டர்ல, கல்யாண காட்ல, த்ரீவீல் கண்ணாடியில எல்லாம் இருக்கு. அதுக்கு முந்தின வசனத்துல 70 வருஷம் போகணும்னு இருக்கிறத யாரும் ஒட்டுறதில்ல. பாபிலோனுக்கு புடிச்சிட்டு போன சனங்களுக்கு எழுதுன கடிதம் அது, ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு போயிடலாம்னு சொன்ன கள்ள தீர்க்கதரிசிய நம்பாதீங்கன்னு முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கு, அஞ்சாம் வசனத்துல வீட்ட கட்டி குடியிருங்க தோட்டத்த நாட்டுங்கன்னு இருக்கு. இருநூறு வருஷமா அடுத்தவன் மண்ணுல தேயில நட்டுட்டு, இன்னமும் குடியிருக்கிற காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் கேட்டுக்கிட்டு இருக்கிற நமக்கு அந்த அதிகாரத்த முழுசா வாசிச்சா எப்பிடி இருக்கும்னு யோசிச்சு பாருங்க, நான் மொத தடவ முழுசா வாசிச்ச அன்னைக்கு பஸ் ஸ்டாண்ட்ல ஒக்காந்து அழுதேன். அது மாதிரி தான் பிலிப்பியர் 4:13ம், எல்லாத்தையும் செய்ய எனக்கு பெலனுண்டுன்னு ஓ லெவல் பரீட்சைக்கு எழுதி குடுக்கிறோம், அதுக்கு மேல பன்னெண்டாம் வசனத்துல பவுல் பட்டினியா இருக்கவும் படிச்சிட்டேன்னு தான் சொல்றாரு.

ஜெபத்த பத்தி சுருக்கமா சொல்றேன், இத பத்தி எல்லாரும் கதைக்கிறாங்க. மத்தேயு 6:6ல அறைவீட்டுக்குள்ள போய் கதவ பூட்டிக்கன்னு இயேசு சொல்றாரு, பத்துக்கு பன்னெண்டு காம்பராவுல ஏழு பேர் இருக்கிற நமக்கு அறைவீடு எங்க இருக்கு? மெதடிஸ்ட் சபைய தொடங்குன ஜோன் வெஸ்லியோட அம்மா வீடு நெறைய புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஏப்ரன தலைக்கு மேல போட்டுக்கிட்டு ஜெபிப்பாங்கன்னு சொல்லுவாங்க. எங்க அம்மா மழைக்கு தலையில போடுற கொங்காணிய போட்டுக்கிட்டு மலைக்கு ஏறும்போது ஜெபிப்பாங்க, அந்த அரை மணித்தியாலம் அவங்கள யாரும் கூப்புட மாட்டோம். அப்பிடி ஒரு நேரத்த வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லி வாங்கிக்குங்க. கேக்குறதயே கேட்டுக்கிட்டு இருக்காம, சங்கீதம் 13 மாதிரி மொறப்பாடு சொல்லவும் பழகுங்க, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"ன்னு தாவீதே கேட்டிருக்காரு, ஆறே வசனம் தான். மனசுல கோவத்த வச்சிக்கிட்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ மேல். ஒண்ணு மட்டும், லயத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல மைக் வச்சு ஜெபிக்காதீங்க, அடுத்த காம்பராவுல, கொழுந்து அரைக்கிற ஸ்டோர்ல ராத்திரி வேல செஞ்சிட்டு வந்த மனுசன் தூங்குவாரு. அவரு தூக்கத்த கெடுத்துட்டு அவரு இரட்சிப்புக்கு ஜெபிக்கிறது எந்த கணக்கு?

இப்ப உள்ளதுலயே முக்கியமான எடத்துக்கு வாறேன். சமாதானம் ஆகுறது. இத செய்யாம வேற எத செஞ்சாலும் தண்ணி கனம் தான்னு நான் நெனைக்கிறேன், மத்தவங்க வேற மாதிரி நெனைக்கலாம்.

எங்க லயத்துக்கு தண்ணி புடிக்க ஒரே பீலி. வறட்சி காலத்துல அதிகாலையில இருந்தே வாளி வரிசையில இருக்கும். அஞ்சு வருஷத்துக்கு முன்னுக்கு ஒரு பெப்ரவரி மாசம் என் வாளிய யாரோ தள்ளி வச்சிட்டாங்க, நான் அடுத்த காம்பரா அக்கா தான்னு முடிவு பண்ணிட்டேன், கேட்டேன், அவங்களும் விடல, ரெண்டு பேரும் ஒரே சபை, ரெண்டு பேரும் பாட்டுக்குழு, லயமே இஸ்தோப்புல, வீட்டு முன் திண்ணையில, நின்னு பாத்துச்சு. கடைசியா நான் ஒரு வார்த்த சொன்னேன், அவங்களுக்கு புள்ள இல்லாதத வச்சு. அத இங்க எழுத மாட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் பேச்சு இல்ல. ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் ஒரே பாட்டு புத்தகத்த பாத்து பாடுவோம், பக்கம் திருப்புறது மட்டும் யாராவது ஒருத்தர், கண்ண பாக்க மாட்டோம். திருவிருந்தும் எடுப்போம். சபையில யாரும் ஒண்ணும் கேக்கல, ஏன்னா சத்தம் போடல இல்லையா.

மத்தேயு 5:23, 24 எனக்கு மனப்பாடம், சண்டே ஸ்கூல்ல பரிசு வாங்குனது. பலிபீடத்துக்கு முன்னுக்கு காணிக்கைய வச்சிட்டு, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" அப்புறம் வான்னு. ஒரு நாள் காணிக்க பை என் கைக்கு வந்தப்ப கை நின்னுருச்சு. போடாமலே அடுத்த ஆளுக்கு குடுத்துட்டேன். அன்னைக்கு பின்னேரம் போனேன்.

எப்பிடி போறதுன்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும், அதனால உங்களுக்கு சொல்றேன். தனியா போங்க, மத்தேயு 18:15ல அப்பிடித்தான் இருக்கு, பாஸ்டரையோ பாஸ்டரம்மாவையோ மொதல்லயே கூட்டிட்டு போனா அது பஞ்சாயத்தாயிடும். சாமான் ஒண்ணும் கொண்டு போகாதீங்க, கேக் துண்டு குடுத்து மன்னிப்பு வாங்குற மாதிரி இருக்கும். என்ன செஞ்சேன்னு பேர் சொல்லி சொல்லுங்க, "ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க"ன்னு சொல்றது மன்னிப்பு கேக்குறது இல்ல, ஏதாவது என்ன ஏதாவது, சொன்னது நமக்கு நல்லாவே தெரியும். "ஆனா நீங்களும்"ங்கிற சொல்லு வாயில வந்தா முழுங்கிருங்க. அவங்க பங்க அவங்க பாத்துக்குவாங்க. கடைசியா, ஒடனே கட்டிப்புடிச்சு அழணும்னு எதிர்பாக்காதீங்க, அது சாட்சி சொல்ற எடத்துல தான் நடக்கும்.

நான் போனப்ப அந்த அக்கா ரொட்டிக்கு மா பெசஞ்சிக்கிட்டு இருந்தாங்க. நான் வாசல்ல நின்னே சொன்னேன், அன்னைக்கு உங்க வயித்த பத்தி நான் சொன்னது பாவம், அத திருப்பி எடுக்க முடியாது, மன்னிச்சிருங்கக்கான்னு. அவங்க நிமுந்து பாக்கல. கையில மா, பெசஞ்சிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரத்துக்கு அப்புறம் "சரி, போங்க"ன்னாங்க. அவ்வளவு தான். நான் வீட்டுக்கு வந்து, இதுக்கா போனேன்னு நெனச்சேன். பத்து பன்னெண்டு நாள் கழிச்சு காலையில பீலிக்கு போறேன், எனக்கு முன்னுக்கே என் நீல வாளி வரிசையில நிக்குது, அவங்க வாளிக்கு அடுத்ததா. ராத்திரி என் இஸ்தோப்புல இருந்தத எடுத்துட்டு போய் வச்சிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் அத பத்தி நாங்க கதைச்சதில்ல.

கஷ்டம் வர்றப்ப வளர்றத பத்தி சொல்றதுன்னா, யோவான் 15ல கனி குடுக்கிற கொடிய இன்னும் கனி குடுக்க சுத்தம்பண்ணுவாருன்னு இருக்கு, திராட்ச கொடிய நம்ம பாத்ததில்ல, தேயில கவ்வாத்து பாத்திருக்கோம். நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுவாங்க, மலை பூரா குச்சி குச்சியா, செத்து போன மாதிரி கெடக்கும், ரெண்டு மூணு மாசத்துக்கு கொழுந்து கெடையாது. ஆனா சும்மா போய் வெட்ட மாட்டாங்க. வேர்ல மாப்பொருள் சேந்திருக்கான்னு அயடின் ஊத்தி பாப்பாங்க, நிறம் மாறலன்னா செடிக்கு இன்னும் தெம்பு வரலன்னு அர்த்தம், வெட்டுனா செத்துடும். ஒயர மலைகள்ல ஒண்ணு ரெண்டு கிளைய இலையோட விட்டுட்டு தான் மத்தத வெட்டுறாங்க, செடி மூச்சு விடணுமே. புதுசா சபைக்கு வந்த ஒருத்தருக்கு சினிமா பாக்காத, நகை போடாத, பூ வைக்காத, அந்த வீட்டுல சாப்புடாதன்னு மொத மாசமே எல்லா கிளையையும் வெட்டுற மூப்பருங்க இத கொஞ்சம் கவ்வாத்து வெட்டுற தம்பிமார்கிட்ட கேட்டு படிக்கலாம்.

ஆனா ஒண்ணு, எல்லா அடியும் கவ்வாத்து கெடையாது. குடிச்சிட்டு வந்து அடிக்கிற புருசன சகிச்சிக்கிட்டு இருக்கிற தங்கச்சிகிட்ட, ஆண்டவர் உன்ன சுத்தம்பண்றாரு பொறுத்துக்கன்னு சொல்லாதீங்க. அப்பிடி சொல்றத நான் காதால கேட்டிருக்கேன், சொன்னவங்க நல்ல ஜெபிக்கிற ஆளு. அந்த புள்ளைக்கு அன்னைக்கு ராத்திரி தூங்க ஒரு பாதுகாப்பான எடம் வேணும், கூட வர ஒரு ஆள் வேணும். பொம்பளைங்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938, புள்ளைங்களுக்கு 1929, ரெண்டையும் உங்க போன்ல போட்டு வைங்க. ஒருத்தர் அடி வாங்குறத பாத்துக்கிட்டு பக்கத்துல நின்னு பாடுற சபை எத்தன உபவாசம் இருந்தாலும் என்ன.

காசு விஷயம். வளர்ச்சிய இதுல நல்லா பாக்கலாம், ஆனா நம்ம பாக்குற பக்கம் பிழ. எவ்வளவு போட்டாங்கன்னு பாக்குறோம். ஒரு வெளியூர் ஊழியர் வந்து, விசுவாசத்துல விதைங்க, நூறத்தனையா வரும்னு சொல்லிட்டு போனாரு, ஒரு வீட்டுல கிழமைக்கு கட்டுற லோன் எடுத்து விதைச்சாங்க. அவரு போயிட்டாரு, லோன் அறவிட வர்ற தம்பி கிழம தவறாம வந்தாரு. 2 கொரிந்தியர் 8:12ல நல்லா தெளிவா இருக்கு, இல்லாததின்படி அல்ல உள்ளதின்படின்னு. கடன் வாங்கி காணிக்க போடாதீங்க. சீட்டு காச சரியா கட்டுங்க, கடை கொப்பியில உள்ளத தீருங்க, அது சாட்சி. எந்த ஊழியர் வந்து என்ன சொன்னாலும் வீட்டுக்கு வந்து வேதத்த தொறந்து பாருங்க, அப்போஸ்தலர் 17:11ல பெரோயா பட்டணத்து ஆளுங்க பவுல் சொன்னதயே அப்பிடித்தான் பாத்தாங்க, அவங்கள நற்குணசாலிகள்னு தான் எழுதியிருக்கு, கலகக்காரங்கன்னு எழுதல.

சொந்தக்காரங்க பாதிப்பேர் கோயிலுக்கு போறவங்க, அதயும் சொல்லணும். மாமா வீட்டு திருவிழா சாப்பாட்ட சாப்புடலாமா, சாவு வீட்டுல எவ்வளவு தூரம் நிக்கலாம்னு எங்க சபையில ஒரு முடிவு, அடுத்த சபையில இன்னொரு முடிவு. ரோமர் 14ஐயும் 1 கொரிந்தியர் 8ஐயும் ஒண்ணா ஒக்காந்து வாசிச்சிட்டு ஒங்க மனசாட்சிப்படி செய்ங்க, செய்யாதவங்கள நியாயந்தீர்க்காதீங்க. நான் என்ன செய்வேன்னு கேட்டா, சாமிக்கு படைச்சத மட்டும் வேணாம் மாமான்னு மரியாதையா சொல்லிட்டு, அடுப்படிக்கு போய் வெங்காயம் உரிப்பேன், கடைசி பந்தி வரைக்கும் நின்னு பாத்திரம் கழுவுவேன். சாவு வீட்டுக்கு மொத ஆளா போவேன். சடங்கு நேரத்துல ஒதுங்கி நிப்பேன், சாயம் ஊத்துற வேல என்னுது. இருவது வருஷத்துல அத்த ஒருத்தங்க தான் "ஒங்க சாமி ஒன்ன நல்லா வச்சிருக்காரு புள்ள"ன்னு சொல்லியிருக்காங்க, அவங்க இன்னும் கோயிலுக்கு தான் போறாங்க, அது பரவால்ல, நான் கணக்கு வச்சு பழகல.

சபையில ஒரு வேல எடுங்க, யாருக்கும் தெரியாத வேலையா இருந்தா நல்லது, ஒரு வருஷத்துக்கு விடாதீங்க. மேட்டு லயத்துல இருந்து நடக்க முடியாம வர்ற அப்பாயிய கை புடிச்சு எறக்கி கொண்டு வர்றது. கொழும்புக்கு கடை வேலைக்கு போன பொடியன்மாருக்கு ஞாயிறு ராத்திரி ஒரு கோல் எடுக்கிறது, பிரசங்கம் பண்ணாம, சாப்புட்டியா தம்பின்னு கேக்குறது. மைக் புடிக்கிற வேலைக்கு எப்பவுமே ஆள் இருக்கு. வேல செய்யும்போது தான் ஒங்க கோவம், பொறாம, எனக்கு நன்றி சொல்லலங்கிற கவல எல்லாம் வெளிய வரும், வந்தா தான் அத ஆண்டவர்கிட்ட கொண்டு போகலாம்.

இவ்வளவையும் ஒண்ணா தொடங்காதீங்க. இந்த கிழமைக்கு அந்த ஒத்த மட்டும், ஒம்பது கனியையும் எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட காட்டுறது. மொதல்ல கேள்வி கேட்ட அந்த அக்கா காட்டிட்டாங்களாம், புருசன்கிட்ட. அவரு சபைக்கே வராதவரு. ரொம்ப நேரம் பாத்துட்டு "சாந்தம்னா என்ன"ன்னு கேட்டிருக்காரு, இவங்க விளக்கம் சொல்லியிருக்காங்க, "அப்ப அது தான்"னாராம்.

நானும் போன கிழம மறுபடி மகள்கிட்ட கேட்டேன், இப்ப அவளுக்கு பத்தொம்பது. போன்ல இருந்து தலைய தூக்காம சொன்னா, "முந்தி மாதிரி இல்லம்மா, கொறஞ்சிருக்கு, மழ நாள்ல உடுப்பு காயலன்னா மட்டும் பழையபடி."